பீதர் வானத்தில் ஒன்பது விமானங்கள்

2005-ல் பீதர் கிளைக்கு மாற்றல் வந்தது. ஹைதராபாத்திலிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டிய வடகர்நாடக ஊர். காலையில் கேஷ் கவுன்ட்டர் திறக்கும் நேரம் தலைக்கு மேலே இடி மாதிரி சத்தம் கேட்கும். உள்ளூர்க்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நான்தான் வாசலுக்கு ஓடுவேன்.

அதுதான் விமானப்படையின் சாகசக் குழு, சூர்யகிரண். போர் விமானம் என்றே நினைத்திருந்தேன். இல்லையாம், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற கிரண் ஜெட். ஹெச்.ஏ.எல். தயாரிப்பு, 1964-ல் முதலில் பறந்தது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காருவார்கள். வேகம் குறைவு, அதனால் சின்ன வட்டத்தில் திரும்பி, கூட்டத்தின் கண்ணெதிரிலேயே வித்தை காட்ட முடியும்.

குழு பீதரில் தொடங்கியது மே 1996-ல். (நம்மவர்களுக்கு ஒரு தகவல்: அதே செப்டம்பரில், கோவை விமானப்படை நிர்வாகக் கல்லூரிப் பொன்விழாவில்தான் முதல் காட்சி!) 1998-ல் ஒன்பது விமானங்கள் ஆயின.

18 மார்ச் 2006, சனிக்கிழமை. பயிற்சியில் ஒரு கிரண் விழுந்து, உள்ளே இருந்த இரண்டு விமானிகளும் இறந்தார்கள். அன்று டீக்கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பிறகு மறுபடி அந்தச் சத்தம் கேட்ட நாளில் ஊரே நிமிர்ந்து பார்த்தது. ஜனவரி 2009-ல் இன்னொரு விமானியும் போனார்.

ஆனால் குழுவை நிறுத்தியது விபத்து இல்லை, பற்றாக்குறை. ஆரம்பப் பயிற்சிக்கு இருந்த ஹெச்.பி.டி-32 விமானங்களை 2009-ல் ஒரு விபத்துக்குப் பிறகு தரையிறக்கிவிட்டார்கள். புதிய மாணவர்களுக்கும் கிரண்தான் வேண்டும் என்றாகிவிட்டது. சொத்து ஒன்று, கேட்பவர் இரண்டு பேர். பி.காம். படித்தவனுக்கு இது புரியாதா? பிப்ரவரி 2011, பெங்களூரு ஏரோ இந்தியாவோடு கிரண் காட்சி முடிந்தது. வருத்தம்தான், ஆனாலும் அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். வகுப்பறையை மூடிவிட்டு ஆண்டு விழா நடத்த முடியுமா?

ஸ்விட்சர்லாந்தின் பிலாட்டஸ் விமானங்கள் 2013-ல் வந்து ஆரம்பப் பயிற்சியை ஏற்றன. சூர்யகிரண் 2015-ல் ஹாக் ஜெட்டோடு திரும்பியது. அதுவும் பயிற்சி விமானமே. 2019 பிப்ரவரியில், ஏரோ இந்தியாவுக்கு முந்தைய நாள், எலஹங்காவில் இரண்டு ஹாக்குகள் மோதி ஒரு விமானி இறந்தார். இருவர் குதித்துத் தப்பினார்கள்.

இப்போதும் வீடியோவில் அந்தக் காட்சி வந்தால் வீட்டில் எல்லோரும் கூடிவிடுவோம். அந்த வெள்ளைப் புகை, எஞ்சினின் சூட்டில் டீசலைப் பீய்ச்சி வருவது என்றேன். மகள் கேட்டாள்: "நம்ம கார்ல போடற டீசலாப்பா?"