ஜாஸ் மேடையில் ஒரு மண் கடம்

1975 ஜூலை 5. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரி. மேடையில் ஐந்து பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிதாரோடு ஜான் மெக்லாஃப்லின், வயலினோடு எல். சங்கர், மிருதங்கத்தோடு ராம்நாட் ராகவன், தபலாவோடு ஜாகிர் உசேன். ஐந்தாமவர் மடியில் இருந்தது ஒரு பானை. அவர் சென்னையில் பிறந்து வளர்ந்த டி.எச். விநாயக்ராம், எல்லாருக்கும் ‘விக்கு’. அன்று பதிவானதுதான் ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டாக அடுத்த ஆண்டு வெளிவந்தது.

சக்தியின் கதையை மெக்லாஃப்லினின் கதையாகச் சொல்வதே வழக்கம். மைல்ஸ் டேவிஸின் 1969 இசைத்தட்டில் வாசித்தவர், மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயரில் மின்கிதாரை இடியாய் முழக்கியவர், ஒருநாள் கிழக்கே திரும்பினார், அமைதி கண்டார் என்று அது போகும். பொய் இல்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி சென்னையின் பாட்டு வாத்தியார்களுடையது.

அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிரவுன் என்ற பேராசிரியர் இருந்தார். மிருதங்கத்தை முறையாகக் கற்று, அதையே முனைவர் ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டவர். ‘உலக இசை’ என்று இன்று கடைகளில் பலகை மாட்டி விற்கிறார்களே, அந்தப் பெயரை 1960களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவரும் அவரே. 1963இல் அங்கே மிருதங்கம் கற்றுத்தரப் போனவர் டி. ரங்கநாதன், வீணை தனம்மாளின் பேரன், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி. பிறகு ராகவன் போனார். எஸ். ராமநாதனும் போனார். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து 1974இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்ற அதே ராமநாதன்தான். அவரிடம் மெக்லாஃப்லின் வீணை படித்தார்.

வீணை அவருக்கு நிலைக்கவில்லை. வீணையின் குணத்தைக் கிதாருக்குள் கொண்டுபோனார். கிப்சன் நிறுவனத்தில் இருந்த ஆபிரகாம் வெக்டர் அவருக்கென்றே ஒரு கிதார் செய்தார். அதில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழியாகச் செதுக்கியிருந்ததால், தந்தியை அழுத்தி வளைத்துக் கமகம் பிடிக்க முடிந்தது. குறுக்கே ஏழு ஒத்ததிர்வுத் தந்திகள் வேறு. ராமநாதனின் வகுப்பு மரத்தில் பதிந்த விதம் இது.

வயலின்காரர் எல். சங்கருக்குப் பின்னால் இன்னொரு வரலாறு. அவர் பிறந்தது சென்னை, வளர்ந்தது யாழ்ப்பாணம். அப்பா வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்துக்கொண்டிருந்தார். இலங்கையின் 1958 இனக்கலவரம் குடும்பத்தைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பியது.

அதே 1958இல்தான் சென்னையில் ஹரிஹர சர்மா ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயாவைத் தொடங்கினார். அவருடைய மகன் விக்கு. பதின்மூன்று வயதில் மேடை ஏறியவர். 1966இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடியபோது கடம் இவருடையது. அப்படியும் கச்சேரியில் கடத்தின் இடம் என்ன? உபபக்கவாத்தியம். மிருதங்கம் வாசித்து முடித்ததும் தனி ஆவர்த்தனத்தில் சில நிமிடம் கிடைக்கும். மற்ற நேரம் பின்னால் உட்கார்ந்து இட்டு நிரப்ப வேண்டியதுதான். சக்தி மேடையில் பின்வரிசை என்று ஒன்றே இல்லை. கடம் தபலாவோடு நேருக்கு நேர் கேள்வி பதிலாகப் பேசியது. ஜாஸ்காரர்கள் சுதந்திரம் கொடுத்ததால் வந்த பெருமை என்று இதைச் சொல்வார்கள். கொடுத்தவுடன் நிரப்பிக்காட்ட ஆயிரக்கணக்கான மணி நேரச் சாதகம் ஏற்கெனவே கையில் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பத்தாண்டில் மேற்கத்திய ஜாஸ் இயற்கையின் பக்கமும் காதைத் திருப்பியிருந்தது. சாக்ஸபோன் கலைஞர் பால் வின்டர், கூனல் முதுகுத் திமிங்கிலங்களின் பாட்டை ஒலிப்பதிவில் கேட்டு மயங்கி, 1978இல் வெளிவந்த ‘காமன் கிரவுண்ட்’ இசைத்தட்டில் திமிங்கிலம், ஓநாய், கழுகு ஆகியவற்றின் குரல்களையே சக கலைஞர்களாகச் சேர்த்தார். அதற்கு ஓராண்டு முன் வந்த சக்தியின் மூன்றாவது இசைத்தட்டுக்குப் பெயர் ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’. இதில் விலங்கின் குரல் எதுவும் தேவைப்படவில்லை, இயற்கையின் பங்குக்கு மண் கடமே இருந்தது. மானாமதுரையில் மண்ணைக் குழைத்து, சக்கரத்தில் வனைந்து, ஈரம் உலருமுன் கட்டையால் தட்டித் தட்டிச் சுவரை இறுக்கி, சூளையில் சுட்டெடுக்கிற பாத்திரம் கடம். சுட்ட பின் சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது. ஆகவே வித்வான் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு கடம் வைத்திருப்பார். கடத்தின் வாயைத் தன் வயிற்றோடு அணைத்து அழுத்தினால் கும்மென்று அடியோசை வரும், விலக்கினால் மாறும். விமானத்தில் இதைக் கொண்டுபோகிற பாடு தனி.

விக்கு அமெரிக்காவில் இருந்த காலத்தில் வித்யாலயாவில் வேறொன்று நடந்தது. வயலின் கற்க வந்த சுகன்யா என்ற பெண் கடம் வேண்டும் என்றார். பெண்ணின் கைக்கு இது கடினம் என்று விக்கு முதலில் தயங்கியிருந்தார். அவர் வெளிநாட்டில் இருந்தபோது ஹரிஹர சர்மா கற்றுக்கொடுத்தார். அந்தப் பெண்தான் பின்னாளில் கட மேடைகளில் பெண்களுக்கு வழிதிறந்த சுகன்யா ராம்கோபால். சக்தியின் வரலாற்றில் இவர் பெயர் வருவதில்லை. வர வேண்டும் என்று தோன்றுகிறது.

முதல் சக்தி நீடிக்கவில்லை. மூன்று இசைத்தட்டுகளோடு 1970களின் இறுதியில் கலைந்தது. கடம் நிற்கவில்லை. கிரேட்ஃபுல் டெட் குழுவின் மிக்கி ஹார்ட் உலகத் தாளக் கலைஞர்களைக் கூட்டி 1991இல் ‘பிளானட் டிரம்’ செய்தபோது விக்குவும் இருந்தார். உலக இசைக்கென்று கிராமி முதன்முதலாக ஏற்படுத்திய பரிசு அடுத்த ஆண்டு அதற்கே போனது.

1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்று குழு மறுபடி கூடியது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு விக்குவும் வாசித்தார். பிறகு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும் சங்கர் மகாதேவனும் வந்தார்கள். விக்குவின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு உட்கார்ந்தார். 2007இல் மெக்லாஃப்லினும் செல்வகணேஷும் வாயால் தாளச் சொற்களைச் சொல்லும் கொன்னக்கோலை மேல்நாட்டு மாணவர்களுக்குச் சொல்லித்தரும் ஒரு டிவிடியே வெளியிட்டார்கள். மயிலாப்பூரிலும் ஈக்காட்டுத்தாங்கலிலும் மாலை வகுப்புகளில் பிள்ளைகள் தொடையில் தட்டிச் சொல்லும் அதே தகதிமிதான், கிதார் மாணவர்களின் பாடமாகப் போனது.

2014 செப்டம்பரில் ஸ்ரீநிவாஸ் நாற்பத்தைந்து வயதில் இறந்தார். 2023இல் ‘திஸ் மொமென்ட்’ வந்தது. ‘நேச்சுரல் எலிமென்ட்ஸு’க்கு 46 ஆண்டுகள் கழித்துச் சக்தியின் பெயரில் ஒரு ஸ்டூடியோ இசைத்தட்டு. கணேஷ்–குமரேஷ் வயலின் சகோதரர்களில் மூத்தவரான கணேஷ் இப்போது குழுவில் இருந்தார். 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் மறைந்தார். கடம் உருவாகும் மானாமதுரையின் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், ‘திஸ் மொமென்ட்’ வந்த அதே 2023இல்தான். சென்னை சபாக்களிலோ, டிசம்பர் சீசன் கச்சேரிகளில் கடத்துக்கு இன்னமும் தனி ஆவர்த்தனத்தின் பங்குதான். தனி தொடங்கியதும் பலர் கேன்டீனுக்கு எழுந்து போவதும் மாறவில்லை.