நகாசும் கந்தையும்

வங்காளத்துப் பெண்கள் பழஞ்சீலைகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்கு ‘நக்‌ஷி காந்தா’ என்று பெயர். இரண்டு சொல்லுமே எமக்கு அந்நியமானவை அல்ல. ‘நக்‌ஷ்’ என்பது பாரசீகத்தின் வழியாக வங்காளத்துக்குப் போன அரபுச் சொல். சித்திர வேலைப்பாடு என்று பொருள். நாம் ‘நகாசு வேலை’ என்று சொல்வதும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். ‘காந்தா’ வடமொழியில் ‘கந்தா’, தமிழில் கந்தை. ஆக, நகாசு செய்த கந்தை. பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். கந்தல் இல்லாமல் இந்த வேலை ஆரம்பமாகாது.

உடுத்து உடுத்து, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன பருத்திச் சீலை, வேட்டி, சாரன் ஆகியவைதான் மூலப்பொருள். மூன்று நான்கு துணிகளைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் எடுத்து, ஓரங்களில் பாரம் வைத்து, முதலில் நீளத் தையல் போட்டுப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு ஓட்டுத்தையல். ஊசி ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும் ஆக எளிய தையல் அது. அந்தக் காலத்தில் நூல்கூடக் கடையில் வாங்கியதில்லை. சீலைக் கரையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை உருவி எடுத்தார்கள். நடுவில் ஒரு தாமரை, நான்கு மூலைகளிலும் மாங்காய் வடிவம் அல்லது மரம். மிச்ச வெள்ளை நிலத்தையும் சிறு சிறு தையலால் நிரப்பும்போது துணி இலேசாகச் சுருங்கி, குளத்தில் காற்றுப் பட்டதுபோல் அலை எழும்பும். மாரி காலத்தில், வெளிவேலை ஓய்ந்த பகல்களில் பெண்கள் இதற்கு உட்கார்ந்தார்கள். ஒரு போர்வை முடிய மாதக்கணக்கு ஆகும், வருடக்கணக்கும் ஆகும். தாய் தொடங்கியதை மகள் தொடர்ந்து, பேத்தி முடித்து வைத்ததும் உண்டு.

எங்கட வீடுகளில் புள்ளைக்கு ஏணை கட்ட உம்மாட பழைய சீலையைத்தான் தேடுவார்கள். புதுத்துணி உடம்பை உரசும் என்பது வெளியே சொல்லும் காரணம். உம்மாட வாசம் அதில் இருக்கும் என்பது யாரும் சொல்லாத காரணம். காந்தாவின் கதையும் இந்த இரண்டு காரணங்களுக்கும் இடையில்தான் நடக்கிறது.

எல்லாக் காந்தாவும் போர்வை அல்ல. குளிருக்குப் போர்த்துவது லேப். விருந்தினருக்கு விரிப்பது சுஜனி. தலையணை உறை, கிதாபுகளைச் சுற்றி வைக்கும் துணி, கைக்குட்டை என்று இன்னும் பல. முஸ்லிம் வீடுகளில் குர்ஆன் உறையும், தொழுகை விரிப்பும், நாம் சஹனுக்கு அடியில் விரிப்பதுபோல ஒரு தஸ்தர்கானும் இதே தையலில் உருவாகின. இந்துப் பெண்களின் காந்தாக்களில் தேர், யானை, தெய்வம், மனிதர் எல்லாம் வரும். முஸ்லிம் பெண்கள் பெரும்பாலும் உயிருருவங்களைத் தவிர்த்து, கொடி, பூ, கோணக் கட்டம், அலை என்று போனார்கள். இதை முழு விதியாகச் சொல்லிவிட முடியாது. அயல்வீட்டுக்காரிகள் ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் தைத்தவர்கள். தாமரை இருவருக்கும் பொதுவாக இருந்தது.

உருவம் இல்லாத காந்தாவைச் சிலர் ‘வெறும் அலங்காரம்’ என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. ராஜ்ஷாஹிப் பக்கத்து லொஹொரி காந்தாவைப் பாருங்கள். லொஹொரி என்றால் அலை. வரிவரியாக ஓடும் தையல், முன்வரியின் கணக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரி. ஒரு இழை பிசகினால் முழு வடிவமும் கோணிப்போகும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி இந்தக் கணக்கு முழுவதையும் தலைக்குள் வைத்திருந்தாள்.

இந்தக் கலைக்கு வயது எவ்வளவு என்று கேட்டால் பொருள் வழியாகப் பதில் சொல்வது கடினம். இன்று அரும்பொருளகங்களில் இருக்கும் காந்தாக்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டுக்கும் அதற்குப் பிந்திய காலத்துக்கும் உரியவை. முந்தியவை போர்த்தி, துவைத்து, தேய்ந்து போய்விட்டன. ஆனால் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கேயருக்காக வங்காளத்தில் தைத்த பெரிய போர்வைகள் ஐரோப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. மஞ்சள் டசர்ப் பட்டு நூலால் வேட்டைக் காட்சிகளும் கப்பல்களும் தைத்தவை. எமது மூதாதையரைக் கரையோரங்களிலிருந்து விரட்டிய அதே போர்த்துக்கேயர்தான். காசு கொடுத்து வாங்கியது தப்பியது. பிள்ளைக்குப் போர்த்தியது மண்ணாகியது. சேகரிப்பை மட்டும் பார்த்து வரலாறு எழுதுபவர் இதை மறக்கக் கூடாது.

தப்பியதிலும் ஒரு சாய்வு இருக்கிறது. குருசதாய் தத் (1882–1941) என்ற சிவில் சேவை அதிகாரி மாவட்டம் மாவட்டமாகப் போய் நாட்டார் கலைப்பொருள்களைத் திரட்டினார். அவர் திரட்டியவை கல்கத்தாவின் எல்லையில் அவர் பெயரிலான அரும்பொருளகத்தில் இருக்கின்றன. அங்கே உள்ள காந்தாக்களில் மிகப் பேர்பெற்றது மானதாசுந்தரி என்ற பெண் தன் தகப்பனுக்காகத் தைத்தது. சிப்பாய்களையும் தான் கண்ட உலகத்தையும் தைத்த கையோடு, தன் பெயரையும் ஊசியால் எழுதி வைத்தாள். அதனால்தான் இன்று அவளைப் பற்றிப் பேச முடிகிறது. பெயர் எழுதாத, உருவம் தைக்காத, அன்றாடம் விரித்துப் போர்த்திய முஸ்லிம் வீட்டுக் காந்தா எத்தனை சேகரிப்பாளர் கண்ணில் பட்டிருக்கும்? எமது பக்கத்திலும் இதே கதைதான். அரபுத்தமிழ்க் கிதாபுகளைத் தேடுகிறோம், பட்டியலிடுகிறோம், நல்ல வேலை. ஆனால் எங்கட உம்மாமார் இழைத்த பாய்க்கும் தைத்த தலையணைக்கும் யார் பட்டியல் போட்டார்கள்?

காந்தாவை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் ஒரு முஸ்லிம் கவிஞர். ஃபரீத்பூர்க்காரரான ஜஸீமுத்தீனின் ‘நக்‌ஷி காந்தார் மாட்’ 1929இல் வெளிவந்தது. 1939இல் ஆங்கிலத்திலும் வந்தது. கதை சின்னது. ரூபாய் என்ற உழவனும் சாஜு என்ற பெண்ணும் மணம் முடிக்கிறார்கள். ஊர்ச்சண்டையொன்றில் சிக்கி அவன் தலைமறைவாகிறான். அவள் காத்திருந்து, தங்கள் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைக்கிறாள். மௌத்தானபின் அதைத் தன் கப்ரின்மேல் விரிக்கும்படி தாயிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். பிறகொரு நாள் அந்தக் காந்தாவைப் போர்த்தபடி கப்ருக்குப் பக்கத்தில் ஒரு ஆணின் உடல் கிடக்கிறது. கண்ணீர்க் கதைதான். ஆனாலும் ஒரு ஏழைப் பெண்ணின் தையலை அவளுடைய சுயசரிதையாக வாசிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர் அவர்.

1971 யுத்தம் வங்காளப் பெண்கள் பலரைக் கைம்பெண்களாக்கியது. அதன்பின் காந்தா பிழைப்பாக மாறியது. 1978இல் தொடங்கிய ஆரோங் போன்ற விற்பனை நிலையங்கள் வந்தன. ஜமால்பூர்ப் பக்கக் கிராமங்கள் இந்தத் தையலுக்குப் பேர்பெற்றன. ஸுரையா ரஹ்மான் (1938–2018) போன்ற ஓவியர்கள் தாளில் வரைந்து கொடுக்க, கிராமத்துப் பெண்கள் தைத்தார்கள். துணி புதியது, நூல் புதியது, வடிவம் வேறொருவருடையது. இதைப் பார்த்து ‘கலை செத்துப்போச்சு’ என்று புலம்புபவர்களோடு நான் சேரமாட்டேன். ஊசியால் அடுப்பு எரியுமென்றால் எரியட்டும். ஆனால் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தைக் காந்தா வாங்குபவரின் விருப்பத்தைச் சொல்கிறது. பழையது தைத்தவளின் மனதைச் சொன்னது. அதன் அடுக்குகளில் வீட்டார் உடுத்த துணியே இருந்தது. எந்தச் சீலை எவருடையது என்பது அந்த வீட்டாருக்கு மட்டும் தெரியும்.

நகாசு இல்லாத சாதாரண காந்தா இன்னும் பங்களாதேஷ் கிராமங்களில் தைக்கப்படுகிறது. பிள்ளைப்பேறு நெருங்கும்போது உம்மாவோ மூத்தம்மாவோ பழஞ்சீலையை மடித்து எடுத்துக்கொண்டு உட்காருவார். அந்தத் துணி கடைக்கும் போகாது, அரும்பொருளகத்துக்கும் போகாது. பிள்ளை வளர்ந்தபின் அடுத்த பிள்ளைக்கு வரும். அதற்குப் பிறகு தரை துடைக்க.