காதிலிருந்து வரும் ஒலி

ஒருவருக்குக் காது கேட்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லலாம். ஆடியோமெட்ரி அறையில் இன்றும் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். ஆனால் பிறந்து இரண்டு நாளான குழந்தையிடம் யார் போய் கையைத் தூக்கச் சொல்றது? குழந்தைக்குப் பேச்சு வராதபோதுதான் வீட்டில் சந்தேகமே வரும். அதற்குள் மொழி படிய வேண்டிய முதல் வருடங்கள் போயிருக்கும்.

இதற்கான விடையின் முதல் நுனி, ரேடாரில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து கிடைத்தது. வியன்னாவில் பிறந்த தாமஸ் கோல்ட், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்காக ரேடார் ஆய்வு செய்தவர். போருக்குப் பின் கேம்பிரிட்ஜில் பம்ஃப்ரேயுடன் சேர்ந்து காதை ஆராய்ந்தார். அப்போது இந்தத் துறையின் பெரிய பெயர் பெக்கேஷி. 1961இல் நோபல் வாங்கியவர். இறந்தவர்களின் உள்காதில் அலை பரவுவதை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். ஆனால் அந்த அலை அகலமாக, மழுங்கலாக இருந்தது. உயிரோடு இருக்கும் மனிதரோ நெருக்கமான இரண்டு சுருதிகளைச் சுலபமாகப் பிரித்துச் சொல்லிவிடுவார். எங்கேயோ இடிக்குது இல்லையா?

கோல்ட் பொறியியல் மூளையோடு யோசித்தார். உள்காது முழுக்கத் திரவம். திரவத்துக்குள் அதிரும் எதுவும் சட்டென்று அடங்கிவிடும். அப்படி அடங்காமல் இருக்க, உள்ளே ஏதோ ஒன்று சக்தியைத் திரும்பத் திரும்ப ஊட்டியாக வேண்டும். திருவிழா மைக்செட் நினைவிருக்கிறதா? ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பிப் போனால் ‘ஊய்ய்’ என்று கூவும். காதிலும் அப்படியொரு சுழற்சி இருந்தால், அதிலிருந்தும் ஒலி வெளியே வர வேண்டும். 1948இல் இந்த வாதத்தை வெளியிட்டார். மைக்ரோஃபோன் வைத்துத் தேடியும் பார்த்தார், எதுவும் சிக்கவில்லை. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவும் இல்லை. அவரும் வானியல் பக்கம் போய்விட்டார்.

முப்பது வருடம் கழித்து, 1978இல், லண்டனில் டேவிட் கெம்ப் அந்த ஒலியைப் பிடித்தார். காதுக்குள் ஒரு ‘டிக்’ அனுப்பினார். சில மில்லிசெகண்டு கழித்து ஓர் எதிரொலி வந்தது. செவிப்பறையில் பட்டு வெறுமனே திரும்பியிருந்தால் அது எவ்வளவோ முன்னாலேயே வந்திருக்கும். உள்காது செவிடான காதுகளில் அது வரவே இல்லை. சக்தி ஊட்டுவது யார் என்பதும் பிறகு தெரிந்தது: வெளி மயிர்ச்செல்கள். அவை மின்தூண்டலுக்கு நீண்டு சுருங்குவதை பிரவுனெல் குழு 1985இல் எழுதியது. பெக்கேஷி பார்த்த காதுகளில் இந்த மோட்டார் எப்போதோ நின்றுபோயிருந்தது.

இன்னொரு வழியும் உண்டு. 2000, 2400 ஹெர்ட்ஸில் இரண்டு ஒலிகளைச் சேர்த்துக் கொடுத்தால், நல்ல காது 1600 ஹெர்ட்ஸில் தானாக ஒரு மூன்றாவது ஒலியை உண்டாக்கும். தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் கருவியைச் செருகினால் சில நிமிடங்களில் சோதனை முடிந்துவிடும். ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் செவிக்குறையோடு பிறக்கிறார்கள். எல்லாக் குழந்தைகளையும் முதல் மூன்று மாதங்களுக்குள் சோதிக்க வேண்டும் என்று 1993இல் அமெரிக்காவில் நிபுணர் குழு பரிந்துரைத்தது.

ஒலி வரவில்லை என்றால் செவிடு என்று முடிவு கட்டவும் முடியாது. நடுக்காதில் நீர் தேங்கியிருந்தாலும் ஒலி வெளியே வராது. உண்மையிலேயே குறை இருந்தாலும் அது 40 டெசிபலா, 90 டெசிபலா என்று இந்தச் சோதனை சொல்லாது. மயிர்ச்செல் நன்றாக இருந்து நரம்பில் கோளாறு என்றால், அந்தக் குழந்தை ‘பாஸ்’ ஆகிவிடும். அதனால்தான் தலையில் மின்முனை ஒட்டி, மூளைத்தண்டு வரை செய்தி போகிறதா என்றும் பார்க்கிறார்கள். கெம்ப்பின் எதிரொலி முதல் சல்லடை மட்டும்தான். ஆனாலும் அதில் சிக்கும் குழந்தைக்கு, பேச்சு வரவில்லையே என்று வீடு கவலைப்படத் தொடங்கும் முன்பே கருவியோ சைகை மொழியோ கிடைக்க வழியிருக்கிறது.