அரும்பொருள் அவாவும் ஈழத்துச் செப்புக்காசுகளும்

ஈழத்தின் கீழ்க்கரையில், அம்பாறை மாவட்டம் என இன்று வழங்கும் நிலப்பரப்பில், இறக்காமம், வரிப்பத்தான்சேனை முதலாய முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள் உள்ளன. வயலும் குளமுமாய் விளங்கும் அப்பகுதிக்கு அணித்தாகவே, துட்டகாமணியின் தம்பி சத்தாதிஸ்ஸன் அமர்ந்திருந்ததாக மகாவம்சம் கூறும் தீகவாபி உளது. இத்தகைய பழைய மண்ணில், களிம்பேறிய செப்புக்காசு ஒன்று ஏர்முனையில் தட்டுப்படுமாயின், கண்டெடுத்தவன் உள்ளத்தில் வினாவுக்கு முன்னரே விடை பிறந்துவிடுகின்றது. இஃது எங்கும் கிடையாத அரும்பொருள் என்பதே அவ்விடை. காசு யாருடையது என்னும் ஆராய்ச்சி அதன் பின்னரே தொடங்கும். தொடங்குங்கால் அவ்விடைக்கு இசையவே நடக்கும்.

அங்ஙனம் போற்றப்படுவனவற்றுட் பல, ஒல்லாந்தக் கம்பெனியாரின் மூன்று எழுத்துகளும் பின்னிய முத்திரை தாங்கிய சிறு செப்புக்காசுகளேயாம். ஆண்டு பொறித்திருத்தலின், இருநூற்றைம்பது ஆண்டு முதுமையுடையதென மகிழ்தல் எளிது. ஆயின் முதுமை வேறு, அருமை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் இவை ஒல்லாந்திலே பெருந்தொகையாக அடிக்கப்பெற்றுக் கீழைத்தேயங்களெங்கும் பரவின. இவற்றை ஈழத்தார் சல்லி என்றனர்; பணத்துக்குச் சல்லி என்னும் பெயர் கிழக்கிலங்கையில் இன்றும் வழங்குவது இக்காசுகள் எத்துணை மலிந்திருந்தன என்பதற்குச் சான்றாகும்.

இவற்றினும் மயக்கம் தருவன இடைக்காலத்துச் செப்புக்காசுகள். ஒருபுறம் நின்ற உருவம். மறுபுறம் அமர்ந்த உருவமும் அதனருகே நாகரி எழுத்தும். முதலாம் இராசராசன் (985–1014) வெளியிட்ட காசும் இவ்வடிவினதே. 1070 அளவில் சோழரை அகற்றிய முதலாம் விசயபாகுவும், அவனுக்குப் பின் பராக்கிரமபாகு, இலீலாவதி, சகசமல்லன் முதலியோரும் அதே வடிவிற் காசு அடித்தனர். உருவம் பேரரசனுக்கும் ஒன்றே, சில திங்களே ஆண்டவனுக்கும் ஒன்றே. பெயர் மட்டுமே வேறு. நாகரி அறியாதவன் தேய்ந்த எழுத்தைப் பார்க்குங்கால் தான் விரும்பிய பெயரையே காண்பான். தஞ்சைப் பெருங்கோயிலை எடுத்தவன் காசென ஒன்று கைக்கு வருவதை விரும்பாத தமிழர் யாவர்? இவ்வடிவமே சோழர்க்கு முந்திய ஈழப் பொற்காசுகளிலிருந்து இராசராசன் எடுத்துக்கொண்டது என்பது அறிஞர் பலர் துணிபு. அதனை அறிந்தால் அப்பெருமிதம் சற்றுத் தயங்கும்.

எழுத்து அறிந்தவனும் தப்புவதில்லை. இவ்வரிசையில் ஒரு காசு 'தர்மாசோக' என்னும் பெயர் தாங்கியது. படித்தவுடன் நெஞ்சம் பாடலிபுத்திரத்துக்குப் பறக்கும். ஆனால் மௌரிய அசோகன் காலத்து எழுத்து பிராமி. நாகரி தோன்றியது பன்னூறு ஆண்டுகள் கழித்து. காசுக்குரியவன் 1208இல் பொலன்னறுவையில் மூன்று திங்கட் குழவியாய் அரியணையேற்றப்பட்ட தருமாசோகன். ஓராண்டளவே அவன் பெயரால் ஆட்சி நடந்தமையின், அக்காசு ஏனையவற்றை நோக்கச் சற்று அரியதே. கண்டெடுத்தவன் அருமையைச் சரியாகவே ஊகித்தான். காரணத்தில் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் பிழைத்தான்.

இதற்கு மாறாக, சகசமல்லன் காசு மிகுதியாகக் கிடைப்பது. நாணயம் திரட்டுவோர் அதனை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அவனோ 1200ஆம் ஆண்டு ஆகத்து 23ஆம் நாள் முடிசூடினான் எனப் பொலன்னறுவைக் கல்வெட்டொன்றால் திட்டமாகத் தெரிகின்றது. இரண்டே ஆண்டு ஆண்டான். ஆகவே ஒரு புதையற் பானையில் அவன் காசு ஒன்றேனும் இருப்பின், அப்பானை 1200க்கு முன் புதைக்கப்பட்டதன்று எனத் துணியலாம். அப்பானையை உடைத்து, புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்து, 'நல்ல' காசை ஒருவனுக்கும் மலிந்ததை மற்றொருவனுக்கும் விற்றபின் அச்சான்று எங்கே? களிம்போடு எழுத்தும் போகின்றது. எவ்வயலில், எவற்றோடு கிடந்தது என்பதும் போகின்றது. விலை உயருமென்னும் அவாவால் கிடைத்த இடத்தை மறைப்பதும் உண்டு. தொல்பொருளைக் கண்டெடுத்தோர் அரசினர்க்கு அறிவித்தல் வேண்டுமென 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் விதித்துள்ளது. எனினும் வயல்வரப்பிற் சட்டத்தைவிட அவாவே விரைந்து செல்லும்.

கிடைத்த இடம் அறிவதால் விளையும் பயனைச் சேதுக் காசுகள் காட்டும். ஒருபுறம் நின்ற உருவமும், மறுபுறம் படுத்த நந்தியும் 'சேது' என்னும் தமிழெழுத்தும் உடையன இவை. பெயரை மட்டும் கொண்டு இவற்றை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரிமையாக்கினோர் உளர். அவர்கள் பொழுதுபோக்காளர் அல்லர். நாணய நூல் வல்லார். யாழ்ப்பாணத்தில் இக்காசுகள் மிகுதியாகக் கிடைத்தலையும், ஆரியச்சக்கரவர்த்திகளைச் சார்ந்த கொட்டகமக் கல்வெட்டிற் 'சேது' என்னும் சொல் காணப்படுதலையும் சீர்தூக்கி நோக்கியபின், இவை யாழ்ப்பாண மன்னர்க்கு உரியன என்பது தெளிவாயிற்று. அருட்டிரு ஞானப்பிரகாசரும், 1924இல் இலங்கை நாணயங்கள் பற்றிய பெருநூலை வெளியிட்ட கொடிறிங்டனும் இதனை நிலைநாட்டினர்.

நம்பிக்கை வீண்போகாத காலமும் உண்டு. நாளிதழ் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களின் நடுப்பகுதியில் மதுரையில் வாங்கிய சதுரச் செப்புக்காசொன்றில், குதிரையின்மேல் தமிழ்ப் பிராமியிற் 'பெருவழுதி' என்னும் பெயரைக் கண்டார். சங்ககாலத் தமிழ்வேந்தர் பெயர்பொறித்த காசு அதுகாறும் அறியப்படாதது, ஐயுற்றோரும் இருந்தனர். அவர் காசை மறைக்கவில்லை. நிழற்படத்தோடு வெளியிட்டு, எழுத்து வல்லாரின் ஆய்வுக்கு உட்படுத்தினார். மாக்கோதை, கொல்லிப்புறை முதலிய சேரர் பெயர் தாங்கிய காசுகளும் பின்னர் வெளிவந்தன. அவற்றுட் பல, மக்கள் ஆற்றுமணலை அரித்துக் கண்டெடுத்து, சிறு விலைக்கு விற்றவை.