நட்சத்திர ஆமையின் மந்தம்

நட்சத்திர ஆமை இரை எடுக்காமல், நடமாடாமல், தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு நாள்கணக்கில் ஒரே மூலையில் கிடப்பது மந்தம் எனப்படும். அது நோயாகவும் இருக்கலாம், பருவத்துக்கேற்ற ஓய்வாகவும் இருக்கலாம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் வறண்ட புதர்க்காடுகளும் புல்வெளிகளும் இந்த ஆமையின் தாயகம். தமிழ்நாட்டின் முள்காடுகளிலும் இது வாழ்கிறது. பாலூட்டிகளைப் போல உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இதனால் இயலாது. காலை வெயிலில் காய்ந்து சூடேறிய பிறகுதான் தசைகள் இயங்கும், இரைப்பை செரிக்கும், நோயெதிர்ப்பும் வேலை செய்யும். கோடையில் விடியலிலும் அந்தியிலும் மட்டும் மேய்ந்துவிட்டு, பகல் முழுவதும் புதர் நிழலில் அசையாமல் கிடக்கும். மழை விழுந்ததும் அதே ஆமை பகலிலும் திரியும்; இணை தேடுவதும் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான்.

கொல்லிமலையில் இந்தக் கணக்கு மாறுகிறது. மலையடியிலுள்ள நாமக்கல் சமவெளி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் வரும் மேட்டுநிலம் 1,000 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி செல்சியஸ் வீதம் காற்றின் வெப்பம் குறையும் என்பதால், கீழே சுறுசுறுப்பாக இருந்த ஆமை மேலே வந்ததும் ஒடுங்கிவிடுவதில் வியப்பில்லை. வெயில் காயுமிடம் 32 முதல் 35 டிகிரி வரை இருந்தால் இதற்கு உகந்தது. இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. மார்கழி, தை மாத மலைக்குளிர் அந்த அளவைத் தாண்டி இறங்கும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் தொற்று எளிதில் வரும். நட்சத்திர ஆமைக்கு மிகவும் ஆபத்தான கூட்டு இதுதான்.

‘ஆமை குளிர்காலத்தில் உறங்கும், அப்படியே விட்டுவிடலாம்’ என்ற எண்ணம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆங்கிலேயப் பாதிரியார் கில்பர்ட் வொயிட் 1789இல் வெளியிட்ட செல்போர்ன் இயற்கை வரலாற்று நூல், டிமத்தி என்ற ஆமை நவம்பரில் மண்ணுக்குள் புதைந்து வசந்தத்தில் வெளிவருவதைப் பதிவு செய்தது. டிமத்தி மத்தியதரைக் கடல் பகுதி இனம். நட்சத்திர ஆமைக்கு அத்தகைய நீண்ட குளிர்காலத் துயில் கிடையாது. குளிரில் அது அசையாமல் கிடந்தால், தூங்குகிறது என்று விடாமல் சூடு குறைந்து தவிக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ஓய்வா நோயா என்று அறிய எளிய சோதனை உண்டு. புலனடக்கத்துக்கு வள்ளுவர் ஆமையை உவமை சொன்னது 126ஆம் குறளில். அந்த உவமையில் வருவது போலவே, தொட்டவுடன் தலையையும் நான்கு கால்களையும் வெடுக்கென்று அடக்கிக்கொள்வது நலமான ஆமையின் இயல்பு. கையில் எடுத்தால் அதன் உருவத்துக்கேற்ற கனம் தெரியும், கண்கள் தெளிந்திருக்கும். கால்கள் துவண்டு தொங்கினாலோ, மூக்கில் சளி குமிழியிட்டாலோ, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது. இமை வீங்கி ஒட்டிக்கொள்வது வைட்டமின் ஏ குறைவினாலும் வரும். ஓடு மெத்தென்று அமுங்கினால் எலும்பு வலுவிழந்திருக்கிறது: சுண்ணாம்புச் சத்துக் குறைவும் நேரடி வெயில் படாததும் அதற்குக் காரணம். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது. தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

குடற்புழு, சிறுநீர்ப்பைக் கல், நீரிழப்பு ஆகியவையும் ஆமையை முடக்கும். முட்டை இட இடம் கிடைக்காத பெண் ஆமையும் உண்ணாமல் முடங்கும். வீடுகளில் அன்போடு வைக்கும் சோறும் பருப்பும் இதற்கு உணவே அல்ல. புல், கீரை, இலை, பூ ஆகியவற்றைத் தின்று வாழும் உயிர் இது.

மந்தமான ஆமைக்கு முதலில் தர வேண்டியது சூடு. அடுத்து, தாடை மூழ்காத அளவு வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் நிற்க வைக்கலாம். உடல் குளிர்ந்திருக்கும்போது உணவைத் திணித்தால் அது செரிக்காமல் அழுகும். புழுவுக்கென்று ஆடுமாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டினை ஒருபோதும் போடக் கூடாது. அது ஆமைகளுக்கு நஞ்சு. வாதம் கண்டு இறந்துபோகும். மலைக்கு அருகே நாமக்கல்லில் 1985இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; நோய்க்குறி தெரிந்தால் அங்கே காட்டலாம். ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம், சால்மொனெல்லா கிருமி அதன் உடலில் இருக்கக்கூடும்.

இவ்வளவுக்கும் மேலாக, நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பதே இந்தியாவில் குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் இதை முதல் அட்டவணையில் சேர்த்தது. 2019இல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலிலும் இது ஏறியது. அப்படியும் பெட்டிகளில் அடைத்துக் கடத்தப்படும் ஆமைகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. பட்டினியும் நீரிழப்பும் இப்படிக் கைமாறும் ஆமைகளோடு கூடவே வருகின்றன.

தெரியாமல் வளர்த்துவிட்டோம் என்று வருந்துவோர் அதை மலைக்காட்டில் விட்டுவிட வேண்டாம். மேட்டுநிலத்தின் குளிர் அதற்கு ஆகாது, அதன் நோய் காட்டு உயிர்களுக்கும் பரவலாம். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.