ஆர்சி

பாஷ்ஆர்சி, விம்ஆர்சி எனப் புள்ளியில் தொடங்கும் கோப்புப் பெயர்களின் வாலில் ஒட்டியிருக்கும் ‘ஆர்சி’, ‘ரன்காம்’ என்பதிலிருந்து வந்தது. கட்டளைகளை ஓட்டு என்று பொருள். 1960களில் எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். இயங்குதளத்துக்காக லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய நிரலின் பெயர் அது. கோப்பில் எழுதிவைத்த கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றும். கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ‘ஷெல்’ என்ற சொல்லைத் தந்தவரும் அவரே. யுனிக்ஸ் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டது. ‘ரன் கன்ட்ரோல்’ என்று பின்னால் பிரித்துச் சொன்னவர்களும் உண்டு.

பெயர் ‘ஓட்டு’ என்றாலும் கோப்பு எப்போதும் ஓடிவிடாது. எம்பிலிப்பிட்டியவில் இருந்துகொண்டு கொழும்பிலுள்ள சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைபவருக்குக் கிடைப்பது லாகின் ஷெல். அந்த ஷெல் பாஷ் என்றால், பயனரின் கோப்புகளில் அது அப்போது தேடுவது பாஷ்_புரொஃபைல், பாஷ்_லாகின், புரொஃபைல் ஆகிய மூன்றில் முதலில் கிடைப்பதை மட்டுமே. அது பாஷ்ஆர்சியை அழைக்காவிட்டால் அதிலுள்ள குறுக்குப்பெயர்கள் வேலை செய்யா. புதிதாக ஒரு பாஷ்_புரொஃபைலை உருவாக்கிவிட்டு, பழைய புரொஃபைல் ஏன் படிக்கப்படவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்!

உள்ளே நுழையாமல் எஸ்எஸ்எச் வழியே ஒரேயொரு கட்டளையை அனுப்பினால் கதை தலைகீழ். லாகின் கோப்புகள் சீந்தப்படுவதில்லை; பாஷ்ஆர்சிதான் பெரும்பாலும் படிக்கப்படுகிறது. அதில் ‘வணக்கம்’ என்று அச்சிடும் வரி ஒன்று இருந்தால் போதும், எஸ்சிபி, ஆர்சிங்க் கோப்பு மாற்றங்கள் குழம்பிப்போகும். ஆகவே ஷெல் ஊடாடு நிலையில் இல்லையென்றால் உடனே திரும்பிவிடும் சோதனையைக் கோப்பின் தலையிலேயே வைக்கிறார்கள்.