விவரத்தாளில் நான்கு தொடர்கள்

அறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று காட்டும் சிறிய பெட்டிகளோடு ஒரு தாள் வரும். கம்பெனிக்குக் கம்பெனி எழுத்து மாறும்; சாரம் பெரும்பாலும் இதுதான்:

முறை: என்.டி.ஐ.ஆர். எல்லை: 400–5000 பிபிஎம். துல்லியம்: ±(50 பிபிஎம் + அளவில் 3%). தானியங்கி அடிநிலைத் திருத்தம்: உண்டு.

முறை: என்.டி.ஐ.ஆர்.
ஒளியைப் பிரிக்காத அகச்சிவப்பு முறை (non-dispersive infrared) என்பதன் சுருக்கம் இது. ஒரு குழாய், ஒரு முனையில் சிறு விளக்கு, மறுமுனையில் வெப்பத்தை உணரும் சில்லு, நடுவே காற்று. விளக்கு வீசும் அகச்சிவப்புக் கதிரில் 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தைக் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உறிஞ்சி அதிர்கிறது. காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதைத் தொடாமல் விட்டுவிடுகின்றன. முப்பட்டகம் வைத்து ஒளியைப் பிரிக்கும் வேலை இங்கே இல்லை. அந்த ஓர் அலைநீளப் பட்டையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி போதும்.

ஆகவே கருவி வாயுவைப் பார்ப்பதில்லை, வந்து சேராத ஒளியைப் பார்க்கிறது. சிக்கலும் அங்கேதான். விளக்கு மங்கினாலும் தூசி படிந்தாலும் ஒளி குறையும். அதனால் பல கருவிகளில் 3.9 மைக்ரோமீட்டர் அளவில், காற்று வாயுக்கள் அநேகமாக உறிஞ்சாத இடத்தில், இரண்டாவது வடிகட்டி ஒன்று இருக்கும். இரண்டின் விகிதமே கணக்கு. வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதை அளக்க 1859இல் லண்டனில் இயற்பியலாளர் ஜான் டிண்டால் வைத்திருந்ததும் வெப்ப மூலம், குழாய், வெப்பத்தை உணரும் வெப்பமின் அடுக்கு ஆகியவைதான். எதிர்ப்பக்கம் இன்னொரு வெப்ப மூலத்தை நிறுத்தி அவரும் ஈடுகட்டினார்.

என்.டி.ஐ.ஆர். என்ற எழுத்துகள் இல்லாத தாளை நான் நம்பமாட்டேன். மலிவான சில பெட்டிகள் வேறு ஆவிகளை முகர்ந்து கார்பன் டை ஆக்சைடை ஊகிக்கின்றன. பக்கத்தில் சானிடைசரைத் தடவினால் எண் எகிறும்.

எல்லை: 400–5000 பிபிஎம்
பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது விகிதம். குழாயோ விகிதத்தை அறியாது. ஒளியின் வழியில் எத்தனை மூலக்கூறுகள் என்பதையே அறியும். 2,240 மீட்டர் உயரத்து உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். அழுத்தத்தைச் சொல்லிக்கொடுக்காத கருவி அங்கே எண்ணைக் கணிசமாகக் குறைத்தே காட்டும்.

துல்லியம்: ±(50 பிபிஎம் + 3%)
திரையில் 1000 என்றால் 920 முதல் 1080 வரை எதுவும் இருக்கலாம். அருகருகே ஒன்று 950, மற்றொன்று 1050 காட்டினால் இரண்டும் ஒழுங்காகவே வேலை செய்கின்றன. கடைசி இலக்கத்தை உற்றுப் பார்ப்பது வீண்.

ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் விஞ்ஞானி சார்லஸ் கீலிங் தொடங்கிய, வெளிக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு அளவீடும் இதே அகச்சிவப்பு முறைதான். ஆனால் அங்கே செறிவு முன்பே தெரிந்த ஒப்பீட்டு வாயுக்களை அடிக்கடி செலுத்திக் கருவியைச் சரிபார்த்தார்கள். ஆண்டுக்குச் சிறிதளவே ஏறுவதும் அதனால்தான் தெரிந்தது.

தானியங்கி அடிநிலைத் திருத்தம்: உண்டு
தாளிலேயே முக்கியமான தொடர் இது. பொடி எழுத்தில் இருக்கும். வீட்டில் ஒப்பீட்டு வாயு உருளை கிடையாது. எனவே கருவி ஒன்றை அனுமானித்துக்கொள்கிறது: வாரத்தில் ஒருமுறையாவது அறை காலியாகி, வெளிக்காற்று உள்ளே வரும். அந்த ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவை எடுத்து, இதுவே 400 என்று தன்னைத் திருத்திக்கொள்கிறது.

இரவில் பூட்டும் அலுவலகத்துக்கு இது பொருந்தும். ஆள் நீங்காத மருத்துவமனை வார்டில் குறைந்த அளவே 600 என்றால், அதையும் 400 ஆக்கிவிடும். பிறகு மூச்சுமுட்டும் அறையும் நல்ல அறையாகத் தெரியும். போதாக்குறைக்கு வெளிக்காற்றே இப்போது 400 இல்லை: மௌனா லோவாவின் 2025 மே மாதச் சராசரி 430ஐத் தாண்டியது. ஆள் நடமாட்டம் ஓயாத இடமென்றால் இந்த வசதியை அணைத்துவிட்டு, அவ்வப்போது பெட்டியை நெரிசலில்லாத திறந்தவெளிக்குக் கொண்டுபோய், யாரும் அதன்மேல் மூச்சுவிடாமல் சில நிமிடம் வைத்துக் கையால் திருத்துவதே சரி.